கண்டென்சேட் குழாயில் ஓடுவது வெறும் தண்ணீர் அல்ல

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எரிபொருள் செலவைச் சிறு தொழிற்சாலைகள் எப்படிக் குறைப்பது என்று தங்கள் நாளிதழில் அவ்வப்போது எழுதி வருகிறீர்கள். பாயிலர் வைத்திருப்பவர்களுக்கு எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை, நீராவி வேலை முடித்துத் தண்ணீராகி வரும் கண்டென்சேட்டைச் சாக்கடையில் விடாமல், பாயிலருக்குத் தண்ணீர் தரும் ஃபீட் டேங்குக்குத் திருப்புங்கள் என்பது. யோசனையில் தவறே இல்லை. ஆனால் மணலி, மாத்தூர், திருவொற்றியூர், எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் அதைக் கேட்டுக் குழாய் போட்ட பல இடங்களில் காலையில் பாயிலரை ஏற்றியதும் அந்தக் குழாய் தடதடவென்று இடிக்கிறது. குழாய்களை இணைக்கும் ஃபிளேஞ்சில், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் பிய்கிறது. கடைசியில் பைபாஸைத் திறந்து பழையபடி சாக்கடையிலேயே விட்டுவிடுகிறார்கள். பழியெல்லாம், நீராவியைத் தடுத்துக் கண்டென்சேட்டை மட்டும் வெளியே விடும் டிராப்பின் தலையில். டிராப்பை மாற்றியும் தீராவிட்டால் பம்ப் வாங்கச் சொல்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் குழாயின் விட்டத்திலும், வழியில் அந்த விட்டம் மாறும் இடங்களிலும் இருக்கிறது. இதைச் சற்று விரிவாக எழுத இடம் தர வேண்டுகிறேன்.

முதலில், குழாய்க்குள் என்ன ஓடுகிறது? கேஜில் 7 பார் காட்டும் நீராவியை எடுத்துக்கொள்வோம். அதன் சூடு 170 டிகிரி. டிராப்புக்கு முன்னால் நிற்கும் கண்டென்சேட்டும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கும். கிலோவுக்கு 721 கிலோஜூல் வெப்பம் அதில் இருக்கிறது. டிராப்பைத் தாண்டி வளிமண்டல அழுத்தத்துக்கு வந்ததும், தண்ணீர் தண்ணீராகவே இருந்துகொண்டு 419 கிலோஜூலுக்கு மேல் தாங்காது. மிச்சம் 302. ஒரு கிலோவை ஆவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும். 302-ஐ 2257-ஆல் வகுத்தால் 13.4 சதவீதம். மணிக்கு 1000 கிலோ கண்டென்சேட் வருகிறதென்றால், அதில் 134 கிலோ டிராப்பின் வாயிலிலேயே மறுபடி ஆவியாகிவிடுகிறது. இதுதான் ஃபிளாஷ் ஸ்டீம்.

எடையில் 134 கிலோ அற்பமாகத் தெரியும். கன அளவில் அது 224 கன மீட்டர். மீதி 866 கிலோ தண்ணீர் ஒரு கன மீட்டர்கூட இல்லை. அதாவது மணிக்குப் பாயும் கன அளவில் நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல் ஆவிதான். அடியில் கொஞ்சம் தண்ணீர் ஓடுகிறது, அவ்வளவே. இதைத் தண்ணீர்க் குழாய் என்று நினைத்து அளவு போட்டால் என்ன ஆகும்? மணிக்கு ஒரு டன் தண்ணீருக்கு ஒரு இன்ச் குழாய் தாராளம் என்று எந்த ஃபிட்டரும் சொல்வார். தண்ணீருக்கு அது சரி. இந்தக் கலவைக்கு, 50 மீட்டர் நீளமுள்ள ஒரு இன்ச் குழாயில், டிராப்புக்குப் பின்னால் 3 பாருக்கு மேல் பேக் பிரஷர், அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் அழுத்தம், நிற்கும். இரண்டு இன்ச் போட்டால் அதே 50 மீட்டருக்கு ஏறக்குறைய 0.35 பார் இழப்பு. மூன்று இன்ச் போட்டால் 0.06 பார். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே இத்தனை வித்தியாசம் ஏனென்றால், உரசலால் வரும் இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுகிறது. குழாயில் மிச்சம் பிடிக்கும் பணம் இங்கேதான் வட்டியோடு போகிறது.

3 பார் பேக் பிரஷர் என்றால், 7 பார் நீராவி அதைத் தள்ளிவிடாதா என்று கேட்பார்கள். முழு லோடில் தள்ளிவிடும். ஆனால் கண்ட்ரோல் வால்வு வைத்த ஹீட் எக்ஸ்சேஞ்சரில் லோடு குறைந்ததும் வால்வு மூடிக்கொண்டே வரும். காயிலுக்குள் அழுத்தம் 2 பாருக்கு இறங்கும். வெளியே 3, உள்ளே 2 என்றால் கண்டென்சேட் வெளியே வராது. காயில் பாதி தண்ணீரால் நிரம்பும், சூடு ஏறி இறங்கும், உள்ளேயே இடிக்கத் தொடங்கும். டிஸ்க் ஒன்று எழுந்து தாழ்ந்து வழியைத் திறந்து மூடும் தெர்மோடைனமிக் டிராப் வைத்த இடத்தில் இன்னொரு தொல்லை: பின்னால் உள்ள அழுத்தம் முன்னால் உள்ளதில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தாண்டினால் அதன் டிஸ்க் மூடாது, நீராவி நேராகவே போய்க்கொண்டிருக்கும். அப்படிப் போகும் ஒவ்வொரு 20 கிலோவும் அந்தக் குழாயில் இன்னொரு 33 கன மீட்டரைத் திணிக்கிறது. அதனால் பேக் பிரஷர் இன்னும் ஏறுகிறது. புது டிராப் போட்டாலும் இதே கதைதான்.

அடுத்தது, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது: விட்டம் மாறும் இடங்கள். பழைய ஷெட்டுகளில் ஒரே அளவாகப் போகும் கண்டென்சேட் லைனைப் பார்ப்பது அரிது. இரண்டு இன்ச்சில் கிளம்பும். துருப்பிடித்த இடத்தை வெட்டி, கையில் கிடைத்த மூன்று இன்ச் துண்டை வைத்திருப்பார்கள். வால்வு வரும் இடத்தில் ஒன்றரை இன்ச்சுக்குச் சுருங்கும். பிறகு மறுபடி விரியும். ஒவ்வொரு மாற்றத்திலும் அழுத்தத்துக்கு என்ன ஆகிறதென்று மேலே சொன்ன 1000 கிலோ கணக்கிலேயே பார்ப்போம்.

மூன்று இன்ச்சிலிருந்து இரண்டு இன்ச்சுக்குத் திடீரெனச் சுருங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 0.019 பார் விழும். இதில் பெரும்பகுதி, கலவை நொடிக்கு 13 மீட்டரிலிருந்து 29 மீட்டர் வேகத்துக்கு முடுக்கப்படுவதற்குப் போகிறது. மீதி சுழலில் வீணாகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கு விரியும்போது நேர்மாறாக அழுத்தம் ஏறும், ஆனால் 0.009 பார் அளவுக்குத்தான். சுருங்கும்போது கொடுத்ததில் பாதிகூடத் திரும்பி வருவதில்லை. விரியும் இடத்துக்கு முன்னும் பின்னும் கேஜ் வைத்தவர்கள் பின்னால் அதிகம் காட்டுவதைப் பார்த்துக் கேஜைக் குறை சொல்வார்கள். கேஜ் சரியாகத்தான் காட்டுகிறது: வேகம் குறைந்தது, அழுத்தம் கூடியது. ஆனால் ஆவியும் தண்ணீரும் சேர்ந்தோடும் இந்த இரண்டு கட்டக் கலவையில் ஓட்டம் அடங்குவதற்குத் தனித் தண்ணீரைவிட அதிக நீளம் தேவை. ஆகவே விரிந்த இடத்தை ஒட்டி கேஜ் வைக்காமல் நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். கேஜுக்கான டேப்பிங் துளையைக் குழாயின் தலையிலோ பக்கத்திலோ எடுங்கள். அடியில் எடுத்தால் முள் தண்ணீர் வந்து மோதுவதைத்தான் காட்டும்.

0.019 பார் என்பது ஏறக்குறைய 2.7 மீட்டர் நீள இரண்டு இன்ச் குழாயில் ஆகும் இழப்புக்குத்தான் சமம். அந்த அளவோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஒன்றரை இன்ச்சுக்குச் சுருக்கினால் 0.06 பார் ஆகிறது. அந்தச் சுருக்கத்தில் ஒன்றரை இன்ச் குளோப் வால்வும் இருந்தால் அந்த வால்வு மட்டுமே 0.25 முதல் 0.35 பார் வரை தின்னும். அதாவது 50 மீட்டர் குழாயின் இழப்பை ஒரு சாண் நீளத்து வால்வு வாங்கிக்கொள்கிறது. அந்த இடத்துக்குக் குழாயின் முழு அளவில் ஒரு பால் வால்வு போதும். இன்னொன்று: அழுத்தம் விழும் இடத்தில் சூடான தண்ணீர் மேலும் கொஞ்சம் ஆவியாகிறது, கன அளவு கூடுகிறது, வேகம் கூடுகிறது, அதனால் இழப்பு மேலும் கூடுகிறது. தனித் தண்ணீரில் இந்தத் தொடர் கிடையாது. ஆகவே தண்ணீர் லைனுக்கான ஃபிட்டிங் இழப்பு அட்டவணையை எடுத்து இங்கே அப்படியே போடக் கூடாது. கலவையின் வேகத்தையும் அடர்த்தியையும் கொண்டே கணக்குப் போட வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய கேடு, சிறிது–பெரிது–சிறிது என்று வரும் துண்டுகள். இரண்டு இன்ச்சில் ஆவி வேகமாகப் போவதால் தண்ணீரைச் சுவரோடு இழுத்துக்கொண்டு ஓடும். மூன்று இன்ச்சுக்குள் நுழைந்ததும் ஆவியின் வேகம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. தண்ணீர் அடியில் தங்குகிறது. அந்தத் துண்டின் கடைசியில் இரு குழாய்களின் மையமும் ஒரே கோட்டில் வரும்படி விட்டத்தைச் சுருக்கும் சாதாரண கான்சென்ட்ரிக் ரெடியூசர் போட்டிருந்தால், இரண்டு குழாய்களின் அடிப்பக்கத்துக்கும் இடையே 12 மி.மீ. உயரம் வாசல்படிபோல நிற்கிறது. ஆறு மீட்டர் துண்டில் அந்த உயரத்துக்குத் தேங்கும் தண்ணீர் மூன்று லிட்டர். ஓட்டத்தின்போது அதன்மேல் அலை எழும்பும். ஓர் அலை குழாயின் மேற்கூரையைத் தொட்டால் வழி அடைபடும். பின்னால் ஆவியின் அழுத்தம் சேர்ந்து மொத்தத்தையும் ஒரே கட்டியாக இரண்டு இன்ச்சுக்குள் உந்தும். மூன்று லிட்டர் இரண்டு இன்ச் குழாயில் கிட்டத்தட்ட 1.4 மீட்டர் நீளத் தண்ணீர்க் கட்டி. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அது எல்போவில் திரும்பும்போது 80 கிலோவுக்கு மேல் விசை. திரும்ப வழியில்லாமல் மூடிய வால்வில் மோதினால் கணக்கே வேறு: ரஷ்ய அறிவியலாளர் ஜூக்கோவ்ஸ்கி 1898-இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, நொடிக்கு 10 மீட்டர் வேகத் தண்ணீர் சட்டென நின்றாலே 100 பாருக்கு மேல் போகும். குழாயைத் தாங்கும் ஹேங்கர் வளைவதும் கேஸ்கெட் பிய்வதும் இதனால்தான். இரவு பாயிலரை நிறுத்தியபின் அந்த மூன்று லிட்டரும் குளிர்ந்து கிடக்கும். காலையில் முதல் ஆவி அதன்மேல் பட்டு நொடியில் சுருங்கி வெற்றிடம் உண்டாவதால் இடி இன்னும் பலமாகக் கேட்கும்.

சரி, மாற்று என்ன? முதலில், நடுவில் உள்ள பெரிய துண்டை எடுத்துவிடுங்கள், அல்லது அதற்குப் பிறகு வரும் முழு லைனையும் அதே அளவுக்கு உயர்த்துங்கள். ஓட்டம் போகும் திசையில் கண்டென்சேட் லைன் விரியலாம், சுருங்கக் கூடாது. தவிர்க்கவே முடியாமல் படுக்கைக் குழாயில் சுருக்க வேண்டியிருந்தால் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சரிவாகவும் சுருங்கும் எக்சென்ட்ரிக் ரெடியூசரை, தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். குழாய் உதிரிகள் விற்கும் சென்னை செம்புதாஸ் தெருவில் கேட்டால் கான்சென்ட்ரிக் உடனே கையில் கிடைக்கும்; எக்சென்ட்ரிக்கைச் சில கடைகளில் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு அஞ்சியே பாதிக் கோளாறுகள் பிறக்கின்றன என்பது என் எண்ணம். இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவாக்க வேண்டும். பம்ப் தண்ணீரை உறிஞ்சும் சக்ஷன் குழாயில் தட்டைப் பக்கம் மேலே இருக்க வேண்டும், காற்று தங்காமல் இருப்பதற்காக. அதைப் பழகிய கை, கண்டென்சேட் லைனிலும் மேலேயே வைத்துவிடுகிறது. அப்படி வைத்தால் கான்சென்ட்ரிக்கைவிட மோசம்: வாசல்படி 12 மி.மீ.க்குப் பதில் 25 மி.மீ. ஆகிவிடும்.

விட்டத்தைக் குறைப்பது எல்லா இடத்திலும் தவறு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்டென்சேட்டை மேலே ஏற்றும் செங்குத்துக் குழாயில் ஆவிதான் தண்ணீரைத் தூக்க வேண்டும். மூன்று இன்ச்சில் நொடிக்கு 13 மீட்டர் வேகம் போதாது. தண்ணீர் சுவரோடு வழுக்கி இறங்கி அடியில் சேர்ந்து, கட்டி கட்டியாகக் கக்கும். அதே ஏற்றத்தை இரண்டு இன்ச்சில் எடுத்தால் 29 மீட்டர் வேகம்; மூன்று மீட்டர் உயரத்தில் உரசலால் போவது 0.03 பார்கூட இல்லை. செங்குத்துக் குழாயில் கான்சென்ட்ரிக் ரெடியூசரே போதும். மேலே, பல குழாய்கள் வந்து சேரும் படுக்கை ஹெடரோடு சேரும்போது மட்டும் ஹெடரின் தலையிலிருந்து இறங்குமாறு சேருங்கள்; அடியிலிருந்து குத்தினால் ஹெடரில் ஓடும் தண்ணீரை ஒவ்வொரு டிராப்பும் கலக்கி எறியும். ஹெடருக்குச் சரிவு 100 மீட்டருக்கு ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது.

எத்தனை கிலோ கண்டென்சேட் வருகிறது என்றே பல இடங்களில் தெரியாது. பாயிலரின் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொல்வார்கள். அளப்பது எளிது. 200 லிட்டர் டிரம்மில் 100 லிட்டர் பச்சைத்தண்ணீர் ஊற்றி எடையையும் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். டிராப்பின் வெளிவாயிலிருந்து நீராவி தாங்கும் ஹோஸைக் கட்டி, அதன் முனை தண்ணீருக்குள் ஒரு சாண் மூழ்கும்படி டிரம்மோடு கெட்டியாகப் பிணைத்து, சரியாக ஒரு நிமிடம் திறந்துவிடுங்கள். கையுறையும் முகக் கவசமும் கட்டாயம். கட்டாத ஹோஸ் துள்ளி முகத்தில் அடிக்கும். வால்வை மூடும் முன்பே ஹோஸைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் குளிரும் ஆவி டிரம் தண்ணீரைக் குழாய்க்குள் இழுத்துவிடும். ஃபிளாஷ் முழுவதும் பச்சைத்தண்ணீரில் அடங்கிவிடுவதால் எடை கூடியதுதான் உண்மையான அளவு. 16.7 கிலோ கூடினால் மணிக்கு 1000 கிலோ. கூடவே சூட்டையும் பாருங்கள். 30 டிகிரியில் தொடங்கிய தண்ணீர், 7 பார் கண்டென்சேட் 16.7 கிலோ சேர்ந்தால் 50 டிகிரிக்கு வர வேண்டும். 57-ஐத் தொட்டால், வருவதில் பத்தில் ஒரு பங்கு நேர் நீராவி. டிராப் விடுகிறது என்று அர்த்தம். எடையும் தெர்மாமீட்டரும் இருந்தால் போதும், குறையிருப்பது டிராப்பிலா குழாயிலா என்று பிரித்துவிடலாம்.

இடம் இருக்கும் தொழிற்சாலைக்கு நான் சொல்லும் நல்ல வழி, இரண்டு கட்டக் கலவையை நீண்ட தூரம் ஓட்டவே வேண்டாம் என்பது. டிராப்புகளுக்கு அருகிலேயே ஒரு ஃபிளாஷ் வெசல் வைத்து ஆவியைத் தனியாகவும் தண்ணீரைத் தனியாகவும் பிரித்துவிடுங்கள். ஆவி மேலே போகும் வேகம் நொடிக்கு 3 மீட்டருக்குள் இருந்தால் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகாது. மேலே சொன்ன 224 கன மீட்டருக்கு, மேல்பக்கம் வென்ட் திறந்த எட்டு இன்ச் குழாய்த் துண்டு போதும். அதன்பின் ஓடுவது தண்ணீர் மட்டும். அப்போது ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் எல்லாம் செல்லும். அந்த வென்ட்டைக் காற்றில் விட்டுவிடாமல் ஃபீட் டேங்கில் கரைத்துக்கொள்ளுங்கள்: கண்டென்சேட்டில் உள்ள வெப்பத்தில் ஏறக்குறைய பாதி அந்த 134 கிலோ ஆவியில்தான் இருக்கிறது. வெசலை அழுத்தத்தில் ஓட்டுவதானால் அது அழுத்தக் கலன். விதிமுறைப்படி செய்தாக வேண்டும்.

கணக்குப் போடும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு கட்டக் கலவையின் அழுத்த இழப்பைக் கணக்கிடும் லாக்ஹார்ட்–மார்ட்டினெல்லி முறை 1949-இல் வந்தது. காற்றோடு தண்ணீர், மண்ணெண்ணெய், பிற எண்ணெய்களை ஏறக்குறைய ஓர் அங்குலம் வரையான குழாய்களில் ஓட்டிக் கண்டது. மூன்று இன்ச்சில், வழி நெடுக ஆவியாகிக்கொண்டே போகும் தண்ணீருக்கு அதை ஒரே தாவலில் போட்டால் விடை ஏமாற்றும். லைனை ஐந்து மீட்டர், ஐந்து மீட்டராகப் பிரித்து, ஃபீட் டேங்க் முனையிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு துண்டிலும் அழுத்தத்துக்கேற்ப ஃபிளாஷ் விகிதத்தைத் திருத்திக்கொண்டே வாருங்கள். சுருங்கும் இடங்களில் கலவை நன்றாகக் கலப்பதால் ஒரே பாய்மமாக எண்ணிக் கணக்கிடுவது ஓரளவு சரிவரும். விரியும் இடங்களில் ஆவியும் தண்ணீரும் வேறு வேறு வேகத்தில் போவதையும் பார்க்க வேண்டும்.

காசிமேட்டுப் பக்கம் அமோனியாவில் ஓடும் ஐஸ் ஃபேக்டரிகளுக்கும் இது பொருந்தும். காயிலிலிருந்து திரவமும் ஆவியும் கலந்து திரும்பும் வெட் சக்ஷன் லைனில், மைனஸ் 15 டிகிரியில் 0.1 பார் இழந்தால் கம்ப்ரெசருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி கீழே இறங்கிப் போவதற்குச் சமம்; ஒவ்வொரு டிகிரிக்கும் மின்செலவு 2 முதல் 3 சதவீதம் கூடும். அங்கேயும் வால்வுக்காகச் சுருக்கிய துண்டுகளையும் அடியில் தேங்கும் பெரிய துண்டுகளையும் முதலில் தேடுங்கள். ஆனால் அமோனியா லைனைப் பயிற்சி பெற்றவர்களைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது.

நீராவிக் குழாயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோவைத் தாண்டினால் ஐபிஆர் எனப்படும் இந்திய பாயிலர் ஒழுங்குவிதிகள் வந்துவிடும். படம், பரிசோதனை எல்லாம் உண்டு. திரும்பி வரும் கண்டென்சேட் லைன் அந்த அழுத்தத்துக்குக் கீழே இருப்பதால் அதற்கு யாரும் படம் கேட்பதில்லை. ஆகவே கேட்க வேண்டியவர் முதலாளிதான். கொட்டேஷன் வாங்கும்போது குழாயின் நீளத்தையும் கிலோ விலையையும் மட்டும் பார்க்காமல், டிராப்புக்கு முன்னும் பின்னும் என்ன அழுத்தத்தை எண்ணி அளவு போட்டார்கள், ஃபிளாஷ் எத்தனை சதவீதம் எடுத்தார்கள், ஆவியின் வேகம் நொடிக்கு 15 மீட்டருக்குள் வருகிறதா, விட்டம் எங்கெங்கே மாறுகிறது, அங்கே எந்த ரெடியூசர் என்று எழுதி வாங்குங்கள். ஐடிஐ ஃபிட்டர் பாடத்திலும் பாயிலர் அட்டெண்டன்ட் தேர்வுக்கான பயிற்சியிலும் எக்சென்ட்ரிக் ரெடியூசரின் தட்டைப் பக்கம் எங்கே மேலே, எங்கே கீழே என்பதைக் காரணத்தோடு ஒரு செய்முறைப் பாடமாகச் சேர்க்க வேண்டும் என்று உரிய அரசுத் துறைகளைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீராவிக் குழாய்ப் பணியில் உள்ள பொறியாளர்,
மணலி, சென்னை